இருவீச்சு இயந்திரங்களுக்கேற்ற எரிபொருளும் எண்ணெயும்

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றி அரங்குகள் பல நடந்துள்ளன. கலைச்சொல் தொகுதிகளும் பல வெளிவந்துள்ளன. ஆயினும், தோட்டத்தில் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானை முதுகில் சுமப்பவரும், வரப்புப் புல்லை வெட்டும் பிரஷ் கட்டரைக் கூலிக்கு ஓட்டுபவரும், மரம் அறுக்கும் செயின் சாவைக் கையில் பிடிப்பவரும் நாள்தோறும் கையாளும் ஓர் அறிவியற் செய்தி அவர்தம் தாய்மொழியில் முறையாக எழுதப்பெற்று அவர் கைக்குச் சென்றுசேர்வது அரிதாகவே உள்ளது. இயந்திரத்தோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகிறது. எண்ணெய்ப் புட்டியின் மேல் அச்சிடப்பெறும் குறியீடுகளும் அத்தகையனவே. அவற்றைப் படித்தறிய இயலாமையின் விலை சிறிதன்று. பிஸ்டன் இறுகிப்போன இயந்திரம் ஒன்றைச் சீர்செய்ய ஆகும் செலவு, அதனை நம்பி வாழும் குடும்பத்தின் ஒரு பருவத்து வருவாயையே விழுங்கிவிடக் கூடும்.

நாம் தமிழ் பயிற்றும் பணியில் இருப்போர். பொறியியல் நம் துறை அன்று. எனினும், அறிந்தோர் நூல்களில் உள்ளதை மக்கள் மொழியில் தெளிவுறச் சொல்லுதல் தமிழ்த் துறையின் கடமைகளுள் ஒன்று எனக் கருதுகிறோம். நம் மாணவர் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மீனவர், தச்சர், பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் உளர். 'இந்தப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது?' என்று தந்தை கேட்கும்போது விடை சொல்ல அவர்களுக்கு இக்கட்டுரை துணைசெய்தல் வேண்டும். எவ்வகை எரிபொருள், எவ்வகை எண்ணெய், எவ்வளவு என்னும் மூன்று வினாக்களே இதன் எல்லை.

1. இருவீச்சு இயந்திரத்தின் இயல்பு

உருளைக்குள் பிஸ்டன் மேலோ கீழோ ஒருமுறை செல்லுதல் 'வீச்சு' எனப்படும். நான்குவீச்சு இயந்திரத்தில் எரிகலவையை உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்து ஆற்றல் பெறுதல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு செயல்களும் நான்கு வீச்சுகளில் நிகழும். கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் ஒருமுறை மட்டுமே ஆற்றல் பிறக்கும். இருவீச்சு இயந்திரத்திலோ அந்நான்கும் இரண்டே வீச்சுகளில் முடிந்துவிடுவதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஆற்றல் கிடைக்கிறது. எனவேதான் சிறிய உருவும் குறைந்த எடையும் கொண்டிருந்தும் இது மிகுந்த விசையைத் தருகிறது. மரம் அறுக்கும் இயந்திரம் நிமிடத்திற்கு 10,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலவல்லது. அவ்வேகத்தில் அதனுள் நிமிடத்திற்குப் பதினாயிரம் முறைக்கு மேல் தீப்பற்றுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வகை இயந்திரத்தை முதலில் உருவாக்கியவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பொறியாளர் டுகால்டு கிளார்க் ஆவார். 1878ஆம் ஆண்டளவில் அவர் இம்முயற்சியில் ஈடுபட்டார். அவருடைய இயந்திரத்தில் கலவையைச் செலுத்தத் தனியாக ஓர் உருளை தேவைப்பட்டது. பின்னர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையையே கலவையை அமுக்கும் அறையாகப் பயன்படுத்தும் எளிய முறையைக் கண்டார். இன்று நாம் காணும் சிறிய இருவீச்சு இயந்திரங்கள் யாவும் இம்மரபின் வழித்தோன்றல்களே.

இவ்வெளிமைக்குள் ஒரு சிக்கலும் அடங்கியுள்ளது. நான்குவீச்சு இயந்திரத்தின் கிராங்க் அறையில் எண்ணெய் தேங்கி நின்று, சுழலும் உறுப்புகளை நனைத்துக்கொண்டே இருக்கும். இருவீச்சு இயந்திரத்தில் அந்த அறை வழியாகப் பெட்ரோலும் காற்றும் செல்வதால், அங்கு எண்ணெய் தேக்கிவைக்க இடமில்லை. பிஸ்டன், உருளைச் சுவர், கிராங்க் தண்டின் பேரிங்குகள் ஆகிய அனைத்தும் தமக்கு வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து வரும் சிறு துளிகளிலிருந்தே பெற்றாக வேண்டும். அத்துளிகள் தம் பணியை முடித்தபின் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகிப் போகின்றன. ஆகவே இவ்வெண்ணெய்க்கு இரு கடமைகள் உள்ளன: உள்ளிருக்கும்போது தேய்மானத்தைத் தடுத்தல், போகும்போது கரியை விட்டுச்செல்லாது எரிந்துபோதல். எண்ணெய்த் தேர்வு பற்றிய செய்திகள் யாவும் இவ்விரண்டினின்றே பிறக்கின்றன.

2. 'எண்ணெய்' என்னும் சொல்லும் அது மறைக்கும் வேற்றுமையும்

எள் + நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. எள்ளின் நெய்யை மட்டும் சுட்டிய அச்சொல் காலப்போக்கில் பொதுச்சொல்லாக விரிந்தது. அதன்பின் எள்ளின் நெய்யைக் குறிக்க 'நல்லெண்ணெய்' என அடைமொழி தரவேண்டிய நிலை வந்தது. மண்ணிலிருந்து எடுப்பதும் 'மண்ணெண்ணெய்' ஆயிற்று. மொழியின் இவ்வளர்ச்சி இயல்பானதே. ஆனால் பொதுச்சொல் ஒன்று வேறுபட்ட பொருள்களை ஒருசேரப் போர்த்துவதால், 'எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தானே' என்னும் எண்ணமும் உடன் வளர்ந்துவிடுகிறது. பட்டறையில் நேரும் பிழைகள் பலவற்றுக்கு இவ்வெண்ணமே வேர்.

வண்டியின் அச்சுக்கு மசகு இட்டு வந்த மரபினர் நாம். உப்பு வணிகர் தம் வண்டியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் உவமையாக எடுத்தாள்கிறது. இன்று தெளிப்பான் ஓட்டுபவருக்கு மாற்று இயந்திரம் இல்லை. உள்ள ஒன்றனையே காத்தாக வேண்டியவர் அவர்.

இருவீச்சு இயந்திரத்துக்குரிய எண்ணெயைப் பட்டறையார் 'டூ டி ஆயில்' என்பர். செர்மானிய மொழியில் வீச்சினைக் குறிக்கும் 'டாக்ட்' என்னும் சொல்லின் முதலெழுத்தே இந்த 'டி' என்பர். புட்டியின் மேல் '2டி' என்ற குறி இருத்தல் முதற்சோதனை. அதற்கு மாற்றாகப் பயன்படுத்தப்பெறும் எண்ணெய்கள் யாவும் தீங்கு பயப்பனவே. அவை வருமாறு:

அ) நான்குவீச்சு வண்டிகளின் என்ஜின் ஆயில்: இதில் துத்தநாகம், கால்சியம் முதலிய உலோகச் சேர்மங்கள் கலந்துள்ளன. எரியும்போது இவை சாம்பலாகப் படிந்து, பிளக்கின் முனையை மூடும். பிஸ்டனின் தலையில் கட்டியாக இறுகும். மேலும், இது பெட்ரோலோடு கலக்கும்படி உருவாக்கப்பட்டதன்று.

ஆ) வடித்தெடுத்த பழைய ஆயில்: சிக்கனம் கருதிச் சிலர் இதனைப் பயன்படுத்துவதுண்டு. தேய்ந்த உலோகத் துகள்களும் கரியும் இதில் மிதக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்க வேண்டியதே தேய்க்கும் பொடியாகிவிடுகிறது.

இ) கியர் ஆயில், சமையல் எண்ணெய்கள்: முன்னது எரிவதற்குரியதன்று, பின்னவை வெப்பத்தில் பிசினாக மாறிப் பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கும்.

இங்கு ஆமணக்கு எண்ணெயின் வரலாறு குறிக்கத்தக்கது. தொடக்க கால வானூர்தி இயந்திரங்களிலும் பந்தய இயந்திரங்களிலும் அது பெரிதும் பயன்பட்டது. 'காஸ்ட்ரால்' என்னும் வணிகப் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து தோன்றியதாகும். மெத்தனாலில் ஓடும் சிறு மாதிரி விமானங்களில் அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் பெட்ரோலில் அது எளிதில் கரைவதில்லை. வெப்பத்தில் அரக்குப் போன்ற படிவையும் விட்டுச்செல்லும். ஆகவே நம் தெளிப்பானுக்கும் புல்வெட்டிக்கும் அது ஏற்றதன்று.

3. தரக் குறியீடுகளைப் படித்தறிதல்

'2டி' என்னும் குறி இருந்தால் மட்டும் போதாது. தரமும் அறிதல் வேண்டும். புட்டியின் பின்புறத்தில் மூன்று மரபினரின் குறியீடுகள் காணப்பெறும்.

முதலாவது சப்பானியர் வகுத்த 'ஜாசோ' தரம். வழவழப்பு, தூய்மை காக்கும் ஆற்றல், புகையின் அளவு, புகைவழி அடைபடும் அளவு முதலியவற்றை இயந்திரத்தில் ஓட்டிச் சோதித்து இத்தரம் தரப்பெறுகிறது. இதில் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. எனப் படிகள் உள்ளன. எஃப்.பி. அடிப்படைத் தரம். எஃப்.சி. புகை மிகக் குறைந்தது. எஃப்.டி. புகையளவில் எஃப்.சி.யை ஒத்து, மிகுவெப்பத்திலும் பிஸ்டனைத் தூய்மையாக வைப்பதில் அதனினும் மேம்பட்டது. முன்பிருந்த எஃப்.ஏ. என்னும் கடைநிலைத் தரம் பின்னர்க் கைவிடப்பட்டது.

இரண்டாவது பன்னாட்டுத் தர அமைப்பினது. அது 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தரத்தில் ஈ.ஜி.பி., ஈ.ஜி.சி., ஈ.ஜி.டி. என்னும் மூன்று படிகள் உள்ளன. இவை முறையே மேற்சொன்ன மூன்றோடும் ஏறத்தாழ ஒத்தன எனக் கொள்ளலாம்.

மூன்றாவது அமெரிக்கரது. காற்றால் குளிரும் இயந்திரங்களுக்கு 'ஏ.பி.ஐ. டி.சி.' என்னும் தரமும், நீரால் குளிரும் படகு இயந்திரங்களுக்கு 'டி.சி.-டபிள்யூ 3' என்னும் தரமும் உள்ளன.

இவ்விரண்டையும் மாற்றிக் குழப்பிக்கொள்ளுதல் நேரக்கூடிய பிழையாதலின், இதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். படகின் புறத்தே பொருத்தப்படும் இயந்திரம் தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. அதற்குரிய எண்ணெயில் சாம்பல் தரும் உலோகச் சேர்மங்கள் இல்லை. துரு ஏறாது காக்கும் பொருள்கள் மிகுதி. புல்வெட்டியும் தெளிப்பானும் காற்றால் மட்டுமே குளிர்வன. அவற்றின் பிஸ்டன் மிகுதியாகச் சூடேறும். அவ்வெப்பத்தைத் தாங்கித் தூய்மை காக்க, குறைந்த அளவு உலோகச் சேர்மம் அவற்றின் எண்ணெயில் சேர்க்கப்படுகிறது. படகு எண்ணெயைப் புல்வெட்டியில் இட்டால் வளையங்கள் கரியேறி ஒட்டக்கூடும். புல்வெட்டி எண்ணெயைப் படகில் இட்டால் சாம்பல் படிந்து, தீப்பொறிக்கு முன்னரே கலவை பற்றியெரியும் கேடு விளையக்கூடும். கடலில் கரைக்கு எட்டாத் தொலைவில் இயந்திரம் நின்றுபோனால் அங்கே இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. ஆதலின் 'விலை மிகுந்தது எதற்கும் ஏற்றது' என்று கொள்ளாமல், 'என் இயந்திரத்துக்கு உரியதா?' என்று வினவுதலே முறை.

சுருங்கச் சொன்னால், காற்றால் குளிரும் கைக்கருவிகளுக்கு எஃப்.டி. அல்லது எஃப்.சி. தரமும், நீரால் குளிரும் படகு இயந்திரங்களுக்கு டி.சி.-டபிள்யூ 3 தரமும் கொள்ளுக. கையேடு வேறு கூறின் கையேட்டையே பின்பற்றுக.

4. கலவையின் அளவு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. உடலைத் தாங்கும் மூன்று கூறுகள் மிகுந்தாலும் குறைந்தாலும் நோயே என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து. எண்ணெய் அளவுக்கும் இது முற்றும் பொருந்தும்.

எண்ணெய் குறைந்தால் உருளைச் சுவரில் உள்ள மெல்லிய படலம் அறுபடும். உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறும். பிஸ்டன் விரிந்து உருளையைப் பற்றிக்கொள்ளும். இதனையே பட்டறையார் 'சீஸ் ஆகிவிட்டது' என்பர்.

'குறைந்தால்தானே கேடு, கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே' என்று பலர் கருதுகின்றனர். அதுவும் பிழையே. மிகுந்த எண்ணெய் முழுதும் எரியாமல் பிளக்கை நனைக்கும். சைலன்சரிலும் புகைவாயிலிலும் கரியாகப் படியும். இயந்திரத்தின் இழுவை குன்றும். அன்றியும், கார்புரேட்டர் ஒரு வீச்சுக்கு விடும் நீர்மத்தின் அளவு வரையறுக்கப்பட்டது. அதில் எண்ணெய் மிகுந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. ஆதலின் எண்ணெய் கூடக் கூட, காற்றோடு ஒப்பிடும்போது எரிபொருள் மெலிந்து போகிறது.

கலவை விகிதம் கையேட்டில் 50:1, 40:1, 25:1 என்றவாறு எழுதப்பட்டிருக்கும். முதல் எண் பெட்ரோலின் பங்கு. அடுத்தது எண்ணெயின் பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி லிட்டர் எண்ணெய் என அறிய, 1000த்தை முதல் எண்ணால் வகுத்தால் போதும்.

50:1 எனில் லிட்டருக்கு 20 மி.லி.; 5 லிட்டருக்கு 100 மி.லி.
40:1 எனில் லிட்டருக்கு 25 மி.லி.; 5 லிட்டருக்கு 125 மி.லி.
30:1 எனில் லிட்டருக்கு ஏறத்தாழ 33 மி.லி.; 5 லிட்டருக்கு 167 மி.லி.
25:1 எனில் லிட்டருக்கு 40 மி.லி.; 5 லிட்டருக்கு 200 மி.லி.
20:1 எனில் லிட்டருக்கு 50 மி.லி.; 5 லிட்டருக்கு 250 மி.லி.

இங்கே ஒரு கண்ணி உண்டு. '50:1' என்பதை 'லிட்டருக்கு 50 மில்லி' எனப் பொருள்கொண்டால், இரண்டரை மடங்கு எண்ணெய் ஊற்றியவர் ஆவோம். '25:1' என்பதை 'லிட்டருக்கு 25 மில்லி' எனப் பொருள்கொண்டால், வேண்டிய 40 மில்லிக்குப் பதில் 25 மில்லியே ஊற்றி இயந்திரத்தைக் கெடுப்போம். முதற்பிழை மெல்லக் கொல்லும். இரண்டாவது விரைந்து கொல்லும். இவ்வொரு வரியைத் தமிழில் எழுதி, எண்ணெய் அளக்கும் குவளையின் மேல் ஒட்டிவைத்தால் பல இயந்திரங்கள் பிழைக்கும்.

பழைய வண்டிகளுக்கு 20:1, 25:1 என்னும் அளவுகள் வழங்கின. எண்ணெயின் தரம் உயர்ந்தபின் 40:1, 50:1 என்னும் அளவுகள் வந்தன. எனினும் இன்றும் மலிவான புல்வெட்டிகள் பல 25:1 அளவையே கேட்கின்றன. 'அண்டை வீட்டார் இவ்வளவு ஊற்றுகிறார்' என்பது அளவுகோல் ஆகாது. ஒரு செய்தி கூடுதலாக நினைவிற்கொள்ளத்தக்கது: 1964இல் யமஹா நிறுவனம் அறிமுகப்படுத்தியது போன்ற தனி எண்ணெய்த் தொட்டி உள்ள வண்டிகளில், எண்ணெயை இயந்திரமே வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். அவ்வாறாயின், கையேடு கேட்டாலன்றிப் பெட்ரோலில் எண்ணெய் கலத்தல் வேண்டா.

5. எரிபொருளும் ஆக்டேன் எண்ணும்

தீப்பொறி பிறக்கும் முன்னரே தானாக வெடித்துவிடாமல் அமுக்கத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறிப்பதே ஆக்டேன் எண். அது பெட்ரோலின் 'வலிமை' அன்று. இயந்திரத்துக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட ஆக்டேனால் கூடுதல் விசை கிடைப்பதில்லை. வேண்டிய அளவுக்குக் குறைந்தால் 'டக் டக்' என்னும் தட்டல் ஓசை எழும். பிஸ்டனின் தலை சிதையும்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் நேரும் தீங்கு இதனின்று விளங்கும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகக் குறைவு. அது எளிதில் ஆவியாவதுமில்லை. பெட்ரோலுக்கென அமைந்த இயந்திரத்தில் அது தட்டலையும் கரியையும் ஒருங்கே தரும். மண்ணெண்ணெயில் ஓடும்படி அமைக்கப்பட்ட படகு இயந்திரங்கள் உள்ளன. அவற்றின் அமுக்க விகிதமே வேறு. அவற்றைப் பார்த்து மற்றவற்றிலும் ஊற்றுதல் கூடாது.

6. எத்தனால் கலந்த பெட்ரோல்: புதிய கவலை

நம் நாட்டில் 2013-14இல் பெட்ரோலோடு கலக்கப்பட்ட எத்தனால் 1.53 விழுக்காடு மட்டுமே. 2022 சூனில் அது 10 விழுக்காட்டையும், 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும், கரும்பு முதலியன விளைவிக்கும் உழவர்க்கு வருவாய் சேர்ப்பதும் இத்திட்டத்தின் நோக்கங்கள். அந்நோக்கத்தில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் சிறிய இருவீச்சு இயந்திரங்களின் கையேடுகள் பலவற்றில் 'எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது' என்னும் எச்சரிக்கை உள்ளது. இதன் காரணங்களை உணர்தல் இன்றியமையாதது.

முதலாவது, எத்தனாலில் எடையளவில் ஏறத்தாழ 35 விழுக்காடு உயிர்வளி உள்ளது. எரிபொருளே உயிர்வளியைக் கொண்டுவருவதால் கலவை மெலிகிறது; இயந்திரம் சூடாக ஓடுகிறது. புதிய மோட்டார் வண்டிகளில் மின்னணுக் கருவி இதனை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். தெளிப்பானின் எளிய கார்புரேட்டருக்கு அவ்வறிவு இல்லை.

இரண்டாவது, எத்தனால் சிலவகை ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் மெல்லிய தோலையும் ஊதச்செய்து, பின் வெடிக்கச் செய்யும்.

மூன்றாவதும் மிகக் கொடியதும் நீர் பற்றியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். 10 விழுக்காடு எத்தனால் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல், 15 பாகை செல்சியசில் ஏறத்தாழ 5 மில்லி நீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அவ்வெல்லை மீறினால் எத்தனாலும் நீரும் கூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். 20 விழுக்காட்டுக் கலவை இன்னும் சற்று மிகுந்த நீரைத் தாங்கும். ஆயினும் எல்லை அதற்கும் உண்டு. இனி நடப்பதைக் கருதுக. நாம் கலந்த 2டி எண்ணெய் பெட்ரோலில் கரையும், நீரில் கரையாது. எனவே எண்ணெய் மேலடுக்கில் நின்றுவிடுகிறது. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயோ தொட்டியின் அடியில் உள்ளது. இயந்திரம் முதலில் குடிப்பது எண்ணெய் சிறிதும் இல்லாத நீரும் எத்தனாலும். அளவாக எண்ணெய் ஊற்றியும் இயந்திரம் எண்ணெயின்றிச் சாகிறது. 'சரியாகத்தானே கலந்தேன்' என்று உழவர் கலங்குவதில் நியாயம் உண்டு. கலந்த நாளில் அது சரியாகவே இருந்தது.

இதற்குச் செய்யத்தக்கன எவை? ஒன்றிரண்டு நாள் வேலைக்கு வேண்டிய அளவே வாங்கிக் கலத்தல். மழைக்காலத்தில் கலனை இறுக மூடி வைத்தல். வேலை முடிந்தபின் தொட்டியை வடித்து, எஞ்சியது தீரும்வரை இயந்திரத்தை ஓட்டி நிறுத்துதல். பழைய குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுதல். கலவை மெலிவுக்கேற்பக் கார்புரேட்டரைத் திருத்த வழியுண்டா என மெக்கானிக்கிடம் கேட்டறிதல். விலை உயர்ந்த பெட்ரோல் என்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்று கொள்ளுதல் கூடாது. விற்பனையகத்தில் வினவித் தெளிதல் வேண்டும்.

பெட்ரோலில் எத்தனால் உண்டா என்பதைக் கண்ணாலும் காணலாம். அளவுக்கோடிட்ட ஒடுங்கிய கண்ணாடிக் குழலில் 10 மி.லி. நீரை ஊற்றி, அதன்மேல் 90 மி.லி. பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி அசையாது வைத்தால், எத்தனால் நீரோடு சேர்ந்து கீழடுக்கு 10 மி.லி.க்கு மேல் உயர்ந்து நிற்கும். எத்தனால் இல்லையேல் உயராது. திறந்தவெளியில், நெருப்புக்குத் தொலைவில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

7. கலக்கும் முறையும் கேட்டின் குறிகளும்

இயந்திரத்தின் தொட்டியிலேயே எண்ணெயை ஊற்றிக் கலத்தல் தவறு. எரிபொருளுக்கென அமைந்த தூய கலன் ஒன்றில் முதலில் பாதிப் பெட்ரோலை ஊற்றுக. அளந்த எண்ணெய் முழுவதையும் அதில் சேர்த்துக் குலுக்குக. பின்னர் எஞ்சிய பெட்ரோலை ஊற்றி மீண்டும் குலுக்குக. கலந்த நாளையும் விகிதத்தையும் கலனின் மேல் எழுதிவைக்க. ஒவ்வொரு முறை தொட்டியில் நிரப்பும் முன்னும் குலுக்குக. தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோல் வைத்தல் கூடாது. குழந்தை நீரெனக் கருதிக் குடித்தல் கூடும். 2டி எண்ணெய்க்குப் பச்சை, நீலம், சிவப்பு என நிறமூட்டுவது, கலந்த பெட்ரோலைக் கலவாததினின்று பிரித்தறிதற்கே. நிறமற்ற பெட்ரோலைக் கண்டால் ஐயுறுக. சூடான இயந்திரத்தில் எரிபொருள் நிரப்பற்க. நிரப்பிய இடத்தை விட்டுச் சில அடிகள் தள்ளிச் சென்றே இயந்திரத்தை இயக்குக.

நாடி பார்த்து நோயறிவது போல, பிளக்கைக் கழற்றிப் பார்த்து இயந்திரத்தின் நிலையை அறியலாம். முனை இளம்பழுப்பு நிறமாயின் நலம். கரிய ஈரப்பசை இருப்பின் எண்ணெய் மிகுதி, அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. வெளிறிய வெண்மையாயின் கலவை மெலிந்து இயந்திரம் காய்கிறது; உடனே நிறுத்துதல் வேண்டும். சீஸ் ஆன பிஸ்டனும் காரணத்தைச் சொல்லும். புகைவாயில் பக்கம் மட்டும் கோடுகள் விழுந்திருப்பின் பெரும்பாலும் கலவை மெலிவு. சுற்றிலும் கோடுகள் இருப்பின் பெரும்பாலும் எண்ணெயின்மை.

8. புகையும் மனிதரும்

இருவீச்சு இயந்திரத்தில் புதிய கலவை நுழையும் வேளையிலேயே புகைவாயிலும் திறந்திருப்பதால், கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. எரியாத பெட்ரோல், எண்ணெய்த் துளிகள், நச்சுக் காற்றான கார்பன் மோனாக்சைடு ஆகியன அப்புகையில் உள்ளன. தில்லியின் காற்று மாசு குறித்த வழக்கில், இருவீச்சு வண்டிகளுக்கு எண்ணெய் அளவாகக் கலந்த பெட்ரோலையே 1998 டிசம்பர் 31க்குள் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஓட்டுநர்கள் தரமற்ற எண்ணெயை அளவின்றி ஊற்றியதே இதற்குக் காரணம். தாக்கா நகரம் 2002ஆம் ஆண்டின் இறுதியோடு இருவீச்சு மூன்றுசக்கர வண்டிகளைச் சாலையினின்றும் நீக்கியது. நம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் உழைத்த டி.வி.எஸ். மொபெட்டும் 2015இல் நான்குவீச்சு இயந்திரத்தோடு வரத் தொடங்கியது.

சாலையினின்று மறையும் இவ்வியந்திரம் தோட்டத்தில் இன்னும் பல்லாண்டு வாழும். சாலையில் புகை பலர்க்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. தோட்டத்தில் அது கருவியைச் சுமப்பவர் ஒருவரின் முகத்தருகே நாள் முழுதும் நிற்கிறது. பெட்ரோலில் சிறிதளவு உள்ள பென்சீன் புற்றுநோய் தருவதென உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியுள்ளது. சுவீடன் நாட்டில் காடுகளில் உழைப்போரின் நலன் கருதிப் பென்சீன் அறவே குறைந்த தூய பெட்ரோல் 1980களின் இறுதியிலேயே உருவாக்கப்பட்டது. நம் கூலித் தொழிலாளர்க்கு அது எட்டாதாயினும், எஃப்.டி. தர எண்ணெயும் சரியான அளவும் எட்டும். அடைத்த கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓட்டாதிருத்தலும், காற்று வரும் திசையறிந்து நிற்றலும் செலவின்றியே கைகூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். இயந்திரத்துக்குரிய தரமறிந்து எண்ணெய் கொள்க. காற்றால் குளிர்வதற்கும் நீரால் குளிர்வதற்கும் எண்ணெய் வேறு. கையேடு சொல்லும் விகிதத்தை மில்லி லிட்டராக மாற்றி அளந்து ஊற்றுக; கண்மதிப்பு வேண்டா. புதிய பெட்ரோலைச் சிறிதளவே கலந்து விரைவில் செலவிடுக. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொட்டியில் தேக்கற்க. பிளக்கின் நிறத்தை அவ்வப்போது பார்க்க.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். வேற்றிடத்துச் சொல்லும் செய்யுளுக்கு உரியதாகும் என அவர் இடம்தந்தார். பட்டறையில் வழங்கும் பிளக்கும் பிஸ்டனும் கார்புரேட்டரும் அவ்வாறே நம்மிடம் வந்து தங்கிய சொற்கள். அவற்றை விலக்குவதில் காலத்தைக் கழிப்பதினும், அவற்றோடு இயைந்து தெளிந்த தமிழில் செய்தியைச் சொல்லுதல் பயன் மிகுந்தது. இம்மலரைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள ஓர் இயந்திரத்தின் கையேட்டினின்று எண்ணெய்த் தரம், கலவை விகிதம், எத்தனால் எல்லை ஆகிய மூன்றினை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதி, அவ்வியந்திரத்தின் உரிமையாளரிடம் கொடுப்பாராக. அத்தாள் ஓர் இயந்திரத்தையும், அதனைச் சுமக்கும் ஒருவரின் பிழைப்பையும் காக்குமாயின், அறிவியல் தமிழுக்கு அதனினும் நல்ல பயிற்சி வேறில்லை என்பது நம் துணிபு.